மத்தி முர்தபா வந்த வழி



திருத்தணிக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, மலைமேல் முருகன் கோயிலும் அதற்கு ஏறிச் செல்லும் 365 படிகளும் உண்டு, ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகளால் நிறையும் வீதிகள் உண்டு. மீன் என்றால் எங்கள் பெரியவர்களுக்கு ஏரியில் பிடித்த கெண்டையும் விராலும்தான். கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறித்தான் இவ்வூருக்கு வர வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆதலால் கடைவீதியில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். நம்மவர் வீடுகளில் அவற்றோடு உருதுவும் சேரும். ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி நிலவிய இவ்வட்டார முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். இத்தகைய ஊரில் அமர்ந்துகொண்டு, கடல்மீனும் முட்டையும் சேர்ந்த ஒரு பலகாரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திற்கு நாகூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் மருமகளாக வந்தார். மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்த்தபோது பேசி முடித்த சம்பந்தம். அப்பெண் குழம்பை 'ஆணம்' என்பார். மாமியார் 'சாலன்' என்பார். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றது. அன்று ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபோது, மருமகள் இறாலைப் பொடியாக நறுக்கி வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறி, தஸ்தர்கானில் வைத்திருந்தார். மாமியார் அதைத் தொடவில்லை. மறுநாள் அந்த வாணலியும் கரண்டியும் தனியே கழுவப்பட்டுக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டன. மாமனார் நம்மைத் தேடி வந்து, "ஹஜ்ரத், இறால் கூடுமா?" என்று கேட்டார்.

நாம் படித்ததைச் சொன்னோம். நம் மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஹலால். இறால் மீன் வகையைச் சேர்ந்ததா இல்லையா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் தவிர்ந்துகொள்வதே பேணுதல் என்றோம். அந்தப் பதிலில் பிழை இல்லை. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதுதான் பிழை. 'உங்கள் மருமகள் எந்த மத்ஹப்?' என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அவர் பிறந்தது முதல் ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்தவர். இரண்டு வாரங்களில் அவர் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். 'ஹராம் தின்கிற வீட்டுப் பெண்' என்று உறவினர் யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டதைப் பின்னர் அறிந்தோம். அந்தச் சொல்லுக்கு நம் அரைப் பதில் துணையாகிவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

அவர் திரும்பி வந்ததைப் பின்னால் சொல்வோம். வந்தபின் அவர் ஆக்கிய பலகாரம்தான் மத்தி முர்தபா. பரோட்டா மாவை மெல்லிய துணிபோல் விரித்து, மசாலாவில் புரட்டிய மத்தி மீனையும் அடித்த முட்டையையும் உள்ளே வைத்து, நான்கு புறமும் மடித்துத் தோசைக்கல்லில் சுட்டெடுப்பது. அதைத் தின்று முடித்ததும் அதன் பெயர்தான் முதலில் நம்மைப் பிடித்துக்கொண்டது.

முர்தபா, மர்தபா, மர்தபாக் என்று ஊருக்கொரு வடிவில் வழங்கும் இச்சொல், 'முதப்பக்' எனும் அரபுச் சொல்லின் திரிபு. மடிக்கப்பட்டது, அடுக்கப்பட்டது என்று பொருள். வானங்கள் ஏழையும் அடுக்கடுக்காகப் படைத்ததாகச் சூரத்துல் முல்க் கூறுமிடத்தில் வரும் 'திபாக்' எனும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் சஹாபாக்களையும் அவர்களுக்குப் பின்வந்தோரையும் தலைமுறை தலைமுறையாக அடுக்கி எழுதிய நூலுக்குத் 'தபகாத்' என்று பெயர் வந்ததும் இவ்வாறே. ஸர்ஃப் வகுப்பில் இஸ்முல் மஃப்ஊலுக்கு முர்தபாவை எடுத்துக்காட்டாகச் சொன்னால் எந்த மாணவனும் மறப்பதில்லை; மதிய உணவு வேளை நெருங்கும்போது சொன்னால் மட்டும் பாடம் அதற்குமேல் நகராது. நடுவில் ஒரு 'ர' நுழைந்ததைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. கடற்பயணத்தில் சொற்களும் சற்று உப்பேறித்தான் கரை சேர்கின்றன.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தோர் பலர் மக்காவிலும் ஜித்தாவிலும் இந்த முதப்பக்கைக் கண்டிருப்பர். அகன்ற இரும்புத் தட்டில் மாவை விரித்து, முட்டையும் வெங்காயத்தாளும் கொத்திய இறைச்சியும் வைத்துச் சதுரமாக மடித்துத் துண்டு போட்டுத் தருவார்கள். யமனிலும் இது அன்றாடத் தீனி. அங்கிருந்து கிழக்கே வந்தால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முர்தபா, இந்தோனேசியாவில் மர்தபாக். இது எங்களுடையது என்று ஒவ்வொரு நாட்டாரும் உரிமை கொண்டாடுகின்றனர். நமக்குத் தோன்றுவது இதுதான்: பெயரைத் தந்தது அரபு நாடு, மாவை வீசி விரிக்கும் கைப்பழக்கத்தைத் தந்தோர் தமிழகத்தின், மலபாரின் பரோட்டா மாஸ்டர்கள், இரண்டையும் ஒரே தெருவில் சந்திக்க வைத்தது மலாய் நாட்டுத் துறைமுகங்கள்.

அந்தத் தெருக்களில் நம்மவர் குடியேறிய காலத்தைப் பள்ளிவாசல்களை வைத்தே கணக்கிடலாம். பினாங்குத் தீவை ஆங்கிலேயர் 1786-இல் கைக்கொண்டனர். 1801-இல் அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் வைத்தது 1819-இல். 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளி, மறு ஆண்டில் அல்-அப்ரார் பள்ளி, 1828 முதல் 1830-க்குள் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. ஏழு ஆண்டுகளில் தொழ ஓரிடம், பதினோரு ஆண்டுகளுக்குள் ஊர் நினைவுக்கும் ஓரிடம். 'சூலியா' என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களை அந்நாட்டார் அழைத்த பெயர். அல்-அப்ரார் பள்ளியை நம்மவர் 'குச்சுப் பள்ளி' என்றனர். தொடக்கத்தில் அது வெறும் குடிசை.

சென்றோரில் வணிகர் சிலர்; படகோட்டிகளும் கூலிகளும் பணமாற்று வேலை செய்தோரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் பலர். பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகவே சென்றனர். கடையநல்லூர், தென்காசி மக்கள் மட்டும் குடும்பத்தோடு சென்று குடியேறியதற்குப் பெயர் பெற்றவர்கள். அவ்வூர்ப் பெண்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்றே குடும்பத்தைத் தாங்கினர். அக்கரையின் கறிமணத்தில் அவர்களுடைய உழைப்புக்குப் பங்கு உண்டு. உணவு வரலாறு எழுதுவோர் கடை முதலாளிகளின் பெயர்களைத்தான் எழுதுகின்றனர். அம்மியின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்களை யார் எழுதுவது?

சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908 முதல் 'ஸம் ஸம்' எனும் உணவகம் நடந்து வருகிறது. தொடங்கியவர் கேரளத்துக்காரர். ஆட்டிறைச்சி, கோழி, மான் இறைச்சி என்று பல வகை முர்தபா அங்கே உண்டு. அவற்றின் வரிசையில் மத்தி முர்தபாவும் நிற்கிறது. எளியவர் பண்டம்.

இறைச்சி இருந்த இடத்தில் மீன் எப்படி வந்தது? தகரப் பெட்டிதான் காரணம் என்பது நம் கருத்து. 1892-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிக நிறுவனம் பின்னாளில் தக்காளிச் சாற்றில் ஊறிய மத்தியைத் தகரத்தில் அடைத்து விற்றது. பெட்டியின்மேல் சேவல் படம் இருந்ததால் மக்கள் அதை மலாய் மொழியில் 'ஆயாம்' என்றே கேட்டு வாங்கினர். அதுவே அந்த நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது. ஓர் அறையில் பத்துப் பேர் படுத்துறங்கும் விடுதியில் பனிப்பெட்டி ஏது? இறைச்சி விலை கூடுதல். அறுத்தவர் யார் எனும் கேள்வியும் உண்டு. மத்தித் தகரத்திற்கு இரண்டு தொல்லையும் இல்லை. அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். மீனை அறுக்க வேண்டிய சட்டமும் கிடையாது. அதனோடு நான்கு முட்டையும் வெங்காயமும் சேர்ந்தால் பத்துப் பேருக்கு இரவு உணவு.

நம் கதையில் வரும் பெண்ணின் பாட்டனார் அப்படியொரு கடையில் மாவு பிசைந்தவர். 1950-களில் 'ரஜுலா' கப்பலில் போனாராம். 1926-இல் நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் பல்லாண்டுகள் ஓடியது. நாகை, நாகூர், காரைக்கால் பக்கத்து வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், ஒரு கதையாவது வெளிவரும். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மவுத்தானதோடு அந்த வழியே ஓய்ந்துபோனது. பாட்டனார் முன்பே திரும்பிவிட்டிருந்தார். பெட்டியில் கைலியும் கோடாலித் தைலமும் கொண்டுவந்தார். கையில் முர்தபாவைக் கொண்டுவந்தார்.

ஊரில் சேவல் படம் போட்ட தகரம் எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. வீட்டுப் பெண்கள் பச்சை மீனுக்கு மாறினர். இங்கே மீன் பெயரில் ஒரு சிறு குழப்பம் உண்டு. இன்று எங்கும் கிடைக்கும் கொழுப்பு மிகுந்த மத்தி, மேற்குக் கரையின் மீன். 1980-களின் பிற்பகுதிக்கு முன் சோழமண்டலக் கரையில் அது பெருமளவில் அகப்பட்டதில்லை. அதற்கு முந்தைய தலைமுறை இங்கே பயன்படுத்தியது அதன் உறவான 'கவலை' மீன். கவலை என்று பெயர் வைத்த மீனை இத்தனை மகிழ்ச்சியோடு தின்பவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம்.

அப்பெண் தாய்வீடு சென்ற செய்தி கேட்டபின் கிதாபுகளைத் திரும்ப எடுத்தோம். முதலில் நினைவுக்கு வந்தது ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடற்கரைப் பக்கம் அனுப்பினார்கள். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். கையில் இருந்தது பேரீச்சம்பழம். அது குறைந்து குறைந்து, நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பழம் என்றாகிவிட்டது. பழத்தைச் சப்பித் தண்ணீர் குடித்தார்கள். மரத்து இலையைத் தடியால் உதிர்த்து நனைத்துத் தின்றார்கள். அப்போது குன்றுபோல் ஒரு மீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அபூஉபைதா (ரலி) அவர்கள் முதலில் 'இது செத்தது' என்றே தயங்கினார்கள். பின்னர், 'நாம் அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், நிர்ப்பந்தத்தில் இருக்கிறோம், உண்ணுங்கள்' என்றார்கள். பல நாள்கள் அதையே உண்டு உடல் தேறினார்கள். அதன் விலா எலும்பை நட்டுவைத்தபோது ஆளேறிய ஒட்டகம் அதன் கீழே நுழைந்து சென்றது.

மதீனா திரும்பிச் செய்தியைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அது அல்லாஹ் உங்களுக்காக வெளியாக்கிய உணவு என்றார்கள். மிச்சம் இருந்தால் எமக்கும் தாருங்கள் என்று கேட்டு வாங்கி உண்டார்கள். அவர்களுக்கு அப்போது நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. தயங்கியவர்களின் மனத்திலிருந்த முள்ளை, தாமே உண்டு காட்டி எடுத்துவிட்டார்கள்.

கடலின் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஹலால் எனும் கருத்திலமைந்த நபிமொழியையும் கடல் வேட்டையை அனுமதிக்கும் சூரத்துல் மாயிதாவின் 96-ஆம் வசனத்தையும் இமாம்கள் அனைவரும் ஏற்கின்றனர். எவ்வளவு தூரம் அவை விரிகின்றன என்பதில்தான் ஆய்வு வேறுபடுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அவை மீனைக் குறிக்கின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் கடலில் மட்டுமே வாழும் உயிரினங்கள் பொதுவாக ஹலால். எனவே இறாலுக்கு அங்கே கேள்வியே இல்லை. நண்டைப் பற்றி மட்டும் அந்த மத்ஹபுக்குள்ளேயே பேச்சு உண்டு. நீரிலும் நிலத்திலும் வாழ்வன எனும் வகையில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் அதை விலக்குகிறார்கள். அவர்களே 'மஜ்மூஉ'வில் வேறு விதமாக முடிவு காண்கிறார்கள். ஒரே இமாமின் இரண்டு நூல்களில் இப்படி. இறாலைப் பற்றி ஹனஃபி உலமாக்களிடையே நீண்ட ஆய்வு உண்டு. ஹிஜ்ரி 808-இல் மறைந்த தமீரி (ரஹ்) அவர்கள் தம் உயிரினக் களஞ்சியமான 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் இறாலைச் சிறிய மீன் என்று எழுதினார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) போன்றோர் கூடும் என்றனர். அதை மீனாக ஏற்காதோர் விலகிக்கொண்டனர்.

இவையெல்லாம் நாம் முன்பே அறிந்தவைதாம். நம்மைக் கூசச் செய்தது வேறொன்று. கொல்லையில் கவிழ்த்து வைத்த வாணலி. ஹிஜ்ரி 428-இல் மறைந்த இமாம் குதூரி (ரஹ்) அவர்களின் நூலை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறோம். அதில் தண்ணீர்ப் பாடத்தில், நீரில் வாழும் உயிர் நீரில் செத்தால் அந்நீர் கெடாது என்று வருகிறது. எடுத்துக்காட்டாக மீனோடு தவளையும் நண்டும் சொல்லப்படுகின்றன. தவளையும் நண்டும் நம் மத்ஹபில் உண்ணக் கூடாதவை. ஆனால் அவை செத்த நீரில் உளூச் செய்யலாம். உண்ணக் கூடாதது வேறு, நஜீஸ் வேறு. அப்படியிருக்க இறால் வதங்கிய வாணலியை எந்தச் சட்டத்தின்கீழ் ஒதுக்கினார்கள்? நம் கிதாபிலேயே இடமில்லாத ஒரு தீண்டாமை நம் கண்முன் ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. பாடம் நடத்துகிற நாம் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அன்று மாலையே அந்த மாமனாரின் வீட்டுக்குச் சென்று, நாம் முன்பு சொன்ன பதில் பாதிதான் என்று ஒப்புக்கொண்டோம். மீதியையும் சொன்னோம். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை எனில் இறாலை உண்ணாதீர்கள். உங்கள் மருமகள் உண்பது அவருக்கு ஹலால். அவர் கைபட்ட பாத்திரம் கழுவினால் தூய்மை. அவர் வீட்டாரை ஹராம் தின்போர் என்றவர் தவ்பாச் செய்ய வேண்டும். மாமனார் நெடுநேரம் பேசவில்லை. மாமியார் திரைக்குப் பின்னாலிருந்து, "ஹஜ்ரத் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் அவரே மகனுடன் நாகூருக்குப் போய் மருமகளை அழைத்து வந்தார். வந்த வாரத்திலேயே அப்பெண் இரு தரப்புக்கும் ஐயமில்லாத மீனைத் தேடி மத்தி வாங்கி வரச் செய்திருக்கிறார். நமக்கும் ஒரு சஹன் வந்தது. செய்முறையை நம் வீட்டார் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முதல் தடவை மாவு கிழிந்து முட்டையெல்லாம் அடுப்பில் ஓடியது, மூன்றாம் தடவை சரியாக வந்தது. அந்தப் பக்குவத்தோடு கீழே தருகிறோம். ஆறு முர்தபா வரும்.

மாவு முதலில். மைதா 500 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, நெய் இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 280 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிட இளகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரைமணி நேரம் வைத்து, ஆறு உருண்டைகளாக்கி, உருண்டைகள் முழுகப் பூசும் அளவுக்கு எண்ணெய் தடவி, குறைந்தது மூன்று மணி நேரம் விட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை கிழிந்ததற்குக் காரணம் ஒரு மணி நேரத்திலேயே பொறுமை இழந்ததுதான். காலையில் பிசைந்து வைத்தால் அஸருக்குப் பின் விரிக்கலாம்.

மத்தி முக்கால் கிலோ. செதிளும் தலையும் குடலும் நீக்கி, உப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சளும் உப்பும் நெல்லிக்காயளவு புளியும் கரைத்த நீர் மீனை மூடும் அளவுக்கு ஊற்றி ஏழெட்டு நிமிடம் வேகவைக்க வேண்டும். ஆறியதும் மீனை இரண்டாகப் பிளந்து வால்பக்கமிருந்து நடுமுள்ளைத் தூக்கினால் பக்கமுள்ளும் பெரும்பாலும் அதனோடு வந்துவிடும். மீதியைக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளும் முதியோரும் உண்பதால் இதில் அவசரம் கூடாது. அந்த மாமியார் முதல் துண்டை எடுத்ததும் கேட்டது 'முள் இல்லையே?' என்பதைத்தானாம். தகர மத்தி என்றால் 425 கிராம் பெட்டி ஒன்று போதும். முள் மென்மையாகியிருக்கும், மசித்துவிடலாம்.

வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு தேக்கரண்டி சோம்பு பொரிந்ததும் நறுக்கிய வெங்காயம் 200 கிராம், பச்சைமிளகாய் நான்கு, கறிவேப்பிலை ஒரு கொத்து போட்டு வதக்கவும். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பின் தக்காளி இரண்டு. தகர மீனாயின் தக்காளிக்குப் பதில் அதன் சாற்றையே ஊற்றலாம். மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கிய பின் மீனைப் போட்டுக் கிளறவும். ஈரம் முழுதும் சுண்ட வேண்டும். கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடியில் நீர் கசியக் கூடாது. கசிந்தால் மாவு ஊறிக் கிழியும். இறக்கி, அரை எலுமிச்சையும் மல்லித்தழையும் சேர்த்து ஆறவிடவும்.

முட்டை ஒன்பது, முர்தபா ஒன்றுக்கு ஒன்றரை. இன்னொரு 200 கிராம் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, உப்போடு முட்டையில் அடித்துக் கலந்து வைக்கவும்.

எண்ணெய் தடவிய கல்மேடையில் ஓர் உருண்டையைத் தட்டி, விரலால் ஓரங்களை இழுத்து இழுத்து, அடியிலுள்ள கல்லின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிக்கவும். மாஸ்டர்கள்போல் வீச வேண்டியதில்லை, இழுத்தாலே வரும். சிறுதீயில் காய்ந்த தோசைக்கல்லில் அதைப் பரப்பி, நடுவில் மீன் மசாலாவைச் சதுரமாக வைத்து, மேலே முட்டையை ஊற்றி, தாமதமின்றி நான்கு புறமும் உறைபோல் மடித்து, மடிப்புப் பக்கம் கீழே வருமாறு திருப்பிவிடவும். பிறகு தீயை நடுத்தரமாக்கி, பக்கத்திற்கு நான்கு நிமிடம். ஓரங்களில் நெய் விட்டுக் கரண்டியால் மெல்ல அழுத்தவும். நடுவில் அழுத்தினால் முட்டை வெளியே சிதறாமல் திண்மையாக எழும்பினால் உள்ளே வெந்துவிட்டது என்று பொருள்.

சிங்கப்பூரில் வெள்ளரித் துண்டும் தக்காளிச் சாஸும் கறிக்குழம்பும் உடன் வருமாம். நாகூர்ப் பெண் வைத்தது காடியில் ஊறிய வெங்காயமும் மீன் ஆணமும். எங்கள் ஊரில் பருப்பு சால்னாவோடும் தின்கிறார்கள், பொருந்தத்தான் செய்கிறது. நோன்புக் காலத்தில் இஃப்தாருக்குச் செய்வோர் மீன் மசாலாவை ஸஹருக்குப் பின்பே ஆக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்; உப்பு பார்க்க நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடுவது சமைப்போருக்கு அனுமதிக்கப்பட்டதே. மத்தி வேகும் மணம் தெரு முழுதும் போகும். ஆடிக் கிருத்திகை நாள்களில் அண்டை வீட்டார் காவடிக்கு விரதம் இருப்பதால் எங்கள் வீட்டில் மீன் ஆக்குவதில்லை. யாரும் கேட்டுக்கொண்டதன்று, பழக்கம்.

அந்த வீட்டில் இப்போது மாமியாரே மாவு விரிக்கிறார். மல்லித்தழையோடு புதினாவும் சேர்க்கிறார். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்வி. இறால் வாங்கும் நாளில் மருமகள் தமக்கு மட்டும் முட்டை ஊற்றிக் கிளறிக்கொள்கிறார், அந்த வாணலியிலேயே.